கானில் வராத சாயம்

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலரில் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள் தங்கள் அனுபவத்தை எழுதும் பக்கம் ஒன்று உண்டு. வழக்கமாக அதில் நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக ஒரு படம் இருக்கும். இந்தமுறை என்னைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இன்னும் முப்பத்தைந்து வயதாகவில்லை. மகள் இப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கிறாள். எழுதுவது சரியா, வீட்டுக்காரருக்குச் சங்கடம் வருமா, மகளின் பெயர் எங்கேயாவது அடிபடுமா என்றெல்லாம் யோசித்து, முடியாது என்று சொல்லிவிடத்தான் இருந்தேன்.

அப்போது ரிஸ்னா தொலைபேசி எடுத்தாள். என் இடத்துக்கு இப்போது வந்திருக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அவள்.

“மிஸ், புதுச் சுற்றறிக்கை ஒன்னு வந்தீக்கு. இனிமே சாயம் போட்டுப் பாக்கிறதுக்கு முந்தி கட்டடத்துச் சொந்தக்காரருக்கு அறிவிக்கணுமாம். அவர் சம்மதிச்சாத்தான் போடலாமாம்.”

“கள்ளன்கிட்ட கேட்டுட்டுத்தான் கள்ளனப் பிடிக்கணுமா?”

“அதத்தான் மிஸ் நானும் கேட்டேன். எஞ்சினியர் சேர் சிரிச்சிட்டுப் போய்ட்டார்.”

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அதற்காகவே எழுதுகிறேன்.

நான் பிறந்தது தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தொழிற்சாலையில் இருந்தார். உயர்தரம் முடித்து, குடிசார் பொறியியலில் டிப்ளோமா எடுத்து, கண்டி நகரத்து வடிகால் பிரிவு ஒன்றில் வேலைக்கு வந்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காற்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வடிகால் கானுக்குள் இறங்கும் பொம்பிளைப் பிள்ளையைத் தெரு நின்று பார்த்தது. பிறகு பழகிவிட்டது.

கண்டி ஒரு கிண்ணம். சுற்றிலும் மலை, நடுவில் குளம், மேட்டில் யார் எதைக் கொட்டினாலும் பள்ளத்துக்கு வந்து சேரும். மழைநீர் போவதற்கென்று வெட்டிய கான்களுக்குள் கக்கூஸ் குழாயைத் திருப்பிவிடும் கட்டடங்களைக் கண்டுபிடிப்பதுதான் என் முக்கிய வேலை. அதற்கு ஒரு முறை இருக்கிறது. நாலைந்து நாள் மழை இல்லாத நேரமாகப் பார்த்துக் கானை நடந்து பார்க்க வேண்டும். மழையில்லாத நாளில் மழைக்கானில் தண்ணீர் ஓடினால் அது யாரோ ஒருவருடைய தண்ணீர். புறங்கையை வைத்துப் பார்த்தால் இளஞ்சூடு தெரியும், அது குசினித் தண்ணீர். சீமெந்தில் சாம்பல் நிறத்தில் நூல்நூலாக வழுவழுப்பு படிந்திருந்தால் அது கக்கூஸ். மூடியைத் திறந்ததும் குனியக் கூடாது. முதலில் காற்று போகவிட வேண்டும்.

சந்தேகம் வந்தால் சாயம். பச்சைச் சாயத்தூள், உடம்புக்குத் தீங்கில்லாதது. அதைக் கரைப்பவர் வேறு, பார்ப்பவர் வேறாக இருக்க வேண்டும். கரைப்பவரின் கையிலும் உடுப்பிலும் ஒட்டிய தூள் போதும், பார்க்கிற இடத்துத் தண்ணீரும் பச்சையாகிவிடும். கக்கூஸில் ஊற்றி வாளித் தண்ணீரால் அடித்துவிட்டு, கானின் கீழ்முனையில் ஒருவர் வெள்ளைப் பீங்கானோடு காத்திருப்பார். கலங்கல் தண்ணீரில் மெல்லிய பச்சை கண்ணுக்குத் தெரியாது. பீங்கானில் ஏந்தி வெயிலில் சாய்த்தால் தெரியும். பச்சை வந்தால் அந்தக் கட்டடம் அகப்பட்டது. வராவிட்டால் சுத்தம்.

வராவிட்டால் சுத்தம். இந்த இரண்டு சொல்லைத்தான் நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

எங்கள் பொறியியலாளர் யாழ்ப்பாணத்தவர், மிக மரியாதையான மனிதர். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. நாங்கள் போய் நின்றால் முதலில் கதிரையைக் காட்டுவார். “இருங்கோ பிள்ளை” என்பார். கண்ணாடியைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்து சிறிய மஞ்சள் துணியை எடுத்து, நாம் சொல்லி முடிக்கும்வரை துடைத்துக்கொண்டே இருப்பார். துடைக்கும்போது அவருக்கு நம் முகம் தெரியாது. முடிந்ததும் மாட்டிக்கொண்டு, சிரித்து, “ஓம், பாப்பம்” என்பார். ஒருபோதும் இல்லை என்று சொன்னதில்லை. உடைந்த மூடிகள், இடிந்த கரைகள், சாக்கடையாகிப்போன ஓடைகள் எல்லாம் அந்த ஒரு ‘பாப்பம்’ என்ற சொல்லுக்குள் கிடந்தன. திட்டுகிற மேலதிகாரியை எதிர்த்துப் பேசலாம். தேநீர் வரவழைத்துக் கொடுப்பவரை என்ன செய்வது?

மகள் பிறந்து பிரசவ விடுமுறை முடிந்தபோது அவளை விட இடமில்லை. வீட்டுக்காரருக்குக் கடுகண்ணாவையில் வேலை, விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிடுவார். எங்கள் வீட்டுக்கு மேலே, நகரத்தின் விளிம்பில், ஒரு பழைய தோட்டத்து லயம் இருக்கிறது. தோட்டம் எப்போதோ போய்விட்டது, லயமும் ஆட்களும் மிஞ்சினார்கள். ஆண்கள் டவுனில் மூட்டை தூக்குகிறார்கள், பெண்கள் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். அங்கிருந்த பாக்கியம் அக்காவிடம் மகளை விட்டேன். அருமையான மனுஷி. காலையில் நான் போனதும், “வாங்க என் சின்னத் தொரசாணி” என்று பிள்ளையை வாங்கி இடுப்பில் போட்டுக்கொண்டு, என்னைத் திரும்பியும் பார்க்க மாட்டார்.

லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. பீலிதான். மலை ஊற்றை ஒரு குழாய் வைத்துக் கல்தொட்டியில் விழச் செய்திருந்தார்கள். குடிப்பது, குளிப்பது, சமைப்பது எல்லாம் அதில்தான். “மலத்தண்ணி மிஸ், ஐஸ் மாதிரி இருக்கும், சுட வைக்கவே தேவல்ல” என்பார் பாக்கியம் அக்கா.

பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றோட்டம் வந்தது. நான் என்னையே குற்றம் சொன்னேன். போத்தலை ஒழுங்காகக் கொதிக்கவைக்கவில்லையோ? பால்மாவை மாற்றியிருக்கக் கூடாதோ? வேலைக்குப் போனதே பிழையோ? போத்தல்களைத் திரும்பத் திரும்ப அவித்ததில் அவற்றின் இறப்பர் மூக்குகள் கோணிப்போயின. டொக்டர் பல் முளைக்கிறது என்றார். லயத்தில் கண்ணூறு என்றார்கள். கல்யாண வீட்டில் யாரோ பார்த்துவிட்டார்கள் என்றார்கள்.

லயத்துக்கு மேலே, மலையைக் குடைந்து, ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். கண்ணாடிச் சுவர், தொங்கும் விளக்குகள், கார் நிறுத்த மூன்று தட்டு. சனி, ஞாயிறு என்றால் ஊரே அங்குதான். லயத்துப் பெண்களில் பாதிப்பேர் அங்கே பாத்திரம் கழுவப் போவார்கள், பாக்கியம் அக்காவும் போவார். மண்டபத்துக்குக் கீழே கானில் நாற்றம் என்று முறைப்பாடு வந்தது. நான் பொறியியலாளரிடம் சாயம் போட அனுமதி கேட்டேன். துணி கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில், ஆச்சரியமாக, “ஓம், போடுங்கோவன்” என்றார்.

ஒரு பெரிய கல்யாணத்தன்று போட்டோம். நானே கரைத்து ஊற்றினேன். எங்கள் ஆட்கள் கானின் கீழ்முனையில் பீங்கானோடு நின்றார்கள். பிற்பகல் முழுக்க நின்றார்கள். பச்சை வரவில்லை. மண்டபத்து முதலாளி எங்களுக்குப் புரியாணிப் பார்சல் கொடுத்தனுப்பினார். ‘சுத்தம்’ என்று அறிக்கை போயிற்று.

அடுத்தநாள் காலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போகிறேன், பீலியைச் சுற்றிக் கூட்டம். குடங்கள் தரையில் கிடந்தன. தொட்டி நிறைய, கோயில் திருவிழாவில் விற்கிற சர்பத் மாதிரி, பளபளவென்று பச்சை.

“மாரியாத்தா வேப்பில கரைச்சு விட்டிருக்கா” என்றாள் ஒருத்தி.

“ஆமா, ஒனக்கு அம்ம போட்ருக்குன்னு அவளுக்குத் தந்தி போயிருக்கு. யாரோ மருந்து கலந்துட்டானுங்கடி, கிட்டப் போகாதீங்க!” என்றாள் இன்னொருத்தி.

பாக்கியம் அக்கா என்னைப் பார்த்தார். “மிஸ், நீங்க தண்ணி ஆபீஸ்தானே. வந்து பாருங்க, இது என்னா கொடும!”

எனக்குப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அந்தப் பச்சையை நான்தான் கரைத்தேன். நாங்கள் வெட்டிய கான்களுக்குள் மட்டுமே தண்ணீர் ஓடும் என்று நம்பி, ஒரு பிரிவு முழுக்கக் கானின் வாயில் பீங்கான் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. சாயம் கானைத் தேடவில்லை. மண்டபத்துக் கக்கூஸ் குழியிலிருந்து நேரே மலைக்குள் இறங்கி, பாறை வெடிப்பு வழியாக, பாக்கியம் அக்காவின் குடத்துக்குள் வந்துவிட்டது.

சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று பிறகு பலநாள் யோசித்திருக்கிறேன். ஆனால் அப்போது வாய் நிற்கவில்லை.

“நஞ்சில்ல அக்கா. பயப்படாதீங்க. இந்தக் கலர நேத்து நான் மண்டபத்துக் கக்கூஸ்ல ஊத்தினேன்.”

அவர்களுக்குள் அது போய்ச் சேர்வதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அப்ப மிஸ்,” என்றார் பாக்கியம் அக்கா மெதுவாக, “கலர் இல்லாத நாள்லயும் அதுதான் வந்திச்சா?”

பின்னால் யாரோ காறித் துப்பினார்கள். என் இடுப்பில் மகள் அந்தப் பச்சையை எட்டிப் பிடிக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய பால்மாவை இத்தனை மாதமும் எதில் கரைத்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அலுவலகத்துக்கு ஓடினேன். பொறியியலாளர் கதிரையைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

“பிள்ளை, சாயம் கானுக்குள்ள வந்ததோ?”

“இல்ல சேர். பீலிக்கு வந்திருக்கு. ஆக்கள் குடிக்கிற தண்ணிக்கு!”

“கானுக்குள்ள வரேல்லைத்தானே. அப்ப எங்கட பிரிவுக்கு உதில ஒண்டும் இல்லை. பீலி எங்கட சொத்தில்லை. அது தோட்டத்துக் காணி.”

“தோட்டம் இப்ப இல்லையே சேர்.”

“அதுதான் சிக்கல். பாப்பம்.”

அவர் பார்த்தது என்னவென்று அடுத்த கிழமை தெரிந்தது. மண்டபத்து முதலாளி முறைப்பாடு கொடுத்திருந்தார். மக்களின் குடிநீரில் உத்தியோகத்தர் ஒருவர் சாயம் கலந்துவிட்டாராம். அடியில் லயத்துப் பெண்களின் கையெழுத்து. பாக்கியம் அக்காவின் கையெழுத்தும் இருந்தது. போடாதவளுக்கு இனி மண்டபத்தில் வேலை இல்லை என்று சொல்லித்தான் வாங்கியிருந்தார்கள். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை, ஊகிப்பது கஷ்டமாகவும் இருக்கவில்லை.

விசாரணை என் மேல். மலம் கலந்தவர் மேல் இல்லை, சாயம் கலந்தவள் மேல். வாசகர்கள் இந்த வரியை இன்னொருமுறை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மண்டபத்தின் குழி அடிப்பக்கம் உடைந்திருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் எத்தனை கரண்டி போட்டேன், யார் அனுமதித்தார், லயத்துக்கு ஏன் முன்கூட்டி அறிவிக்கவில்லை என்று கேட்டார்கள். “நிறத்தால் மக்களுக்கு மனவுளைச்சல்” என்றார் ஒருவர். நிறமில்லாமல் வந்தபோது உளைச்சல் இல்லை.

நான் கைப்பையிலிருந்து சாயப் போத்தலை எடுத்து, தண்ணீர்க் கிளாஸில் சாயத்தைக் கலந்து, அவர்களுக்கு முன்னால் குடித்தேன். பிறகு அன்று காலை பீலியில் பிடித்த தண்ணீரை மேசையில் வைத்தேன். அது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது.

“நான் கலந்தத நான் குடிச்சிட்டேன். இத நீங்க யாராவது குடிங்க.”

ஒருவரும் தொடவில்லை. பொறியியலாளர் கண்ணாடியைத் துடைத்தார். தலைவராக இருந்தவர் குரலைத் தாழ்த்தி, “உங்கட பிள்ளையை அங்கதானே விட்டிருந்தீங்க? அப்ப இது சொந்தப் பிரச்சினை ஆயிடிச்சே” என்றார்.

அந்தக் கேள்வி என்னை உடைத்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து இரவெல்லாம் அதையே நினைத்தேன். என் பிள்ளை அங்கே இல்லாவிட்டால் இவ்வளவு கத்தியிருப்பேனா? தெரியாது. இப்போதும் தெரியாது. ஆனால் இப்போது ஒன்று கேட்கிறேன். அந்த மேசையில் இருந்தவர்களில் ஒருவருடைய பிள்ளையாவது அங்கே இருந்திருந்தால் இது யாருடைய பிரச்சினையாக இருந்திருக்கும்? சொந்தமாக ஒன்றும் இல்லாதவர்கள்தான் நடுநிலையாளர்கள் என்றால், அந்த நடுநிலை எனக்கு வேண்டாம்.

என்னைக் கட்டட வரைபடம் வாங்கும் கவுண்டருக்கு மாற்றினார்கள். சில மாதங்களில் விலகினேன். மகளை அந்தப் பச்சையைக் கண்ட நாளே லயத்திலிருந்து எடுத்துவிட்டேன். எனக்கு அது முடிந்தது. அங்கே பிறந்த பிள்ளைகளை யார் எங்கே எடுப்பது?

பிறகு முதலாளி பீலிக்குச் சமூகசேவை செய்தார். கல்தொட்டியை உடைத்து மாபிள் பதித்து, தன் பெற்றோர் பெயரைப் பொறித்து, ரிப்பன் கட்டினார். எங்கள் பொறியியலாளர் பிரதம விருந்தினர். தொட்டிக்குப் பதித்த மாபிள் பச்சை நிறம். இனி அதற்குள் எந்தச் சாயம் வந்தாலும் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. வேண்டுமென்று செய்தாரா, அந்த நிறம்தான் மலிவாகக் கிடைத்ததா? நான் சந்தேகக்காரி, எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது.

இவ்வளவும் பழைய கோபம். இனிச் சொல்லப்போவது அண்மையில் நடந்தது.

ரிஸ்னா சுற்றறிக்கையைப் பற்றிச் சொன்ன அதே கிழமை, என் சித்தப்பா மகனின் கல்யாணப் பத்திரிகை வந்தது. அதே மண்டபம். போகாமல் விட நினைத்தேன். பிறகு பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தேன். சுற்றறிக்கை உத்தியோகத்தர்களைக் கட்டும். விருந்தாளிகளைக் கட்டாது.

டவுனில் ஆய்வுகூடப் பொருள் விற்கும் கடையில் சாயத்தூள் வாங்கிக்கொண்டு, முதலில் லயத்துக்குப் போனேன். பாக்கியம் அக்கா என்னைக் கண்டதும் உள்ளே போகப் பார்த்தார். கூப்பிட்டேன்.

“கையெழுத்துப் போட்டத கேக்க வந்தீங்களா மிஸ்?”

“இல்லக்கா. சாயம் போடப்போறேன். இந்தத் தடவ ஒங்ககிட்ட கேட்டுட்டுப் போடலாம்னு வந்தேன்.”

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். லயத்தில் மூன்று பிள்ளைகள் மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார்கள். அதில் ஒன்று அவருடைய பேரன். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து நின்றார்கள்.

“மாபிளு பச்சயாச்சே, தெரியாதே” என்றாள் ஒருத்தி.

“தொட்டியப் பாக்காதீங்க. கொழாயில விழுறப்பவே போத்தல்ல புடிங்க. வெள்ளப் போத்தல்.”

“வேல போயிரும்டி” என்றாள் இன்னொருத்தி.

“வேல இருந்து என்னா செய்ய, ஆஸ்பத்திரிக்கு பஸ் காசு குடுக்கவா?” என்றார் பாக்கியம் அக்கா. பிறகு என்னிடம் கை நீட்டினார். “குடுங்க மிஸ் அந்தத் தூள. நீங்க பட்டுச்சீல கட்டி வந்து கக்கூஸ்ல நின்னு கரைச்சீங்கன்னா நல்லாவா இருக்கும்? கழுவுற எடத்துல நாங்கதானே நிக்கிறோம்.”

கையுறை போடுங்கள், காற்றில் பிரிக்காதீர்கள், கரைக்கிறவர் அடுத்தநாள் பீலிப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். கொடுத்தது சரியா என்று கல்யாணத்தில் தாலி கட்டும்போதுகூட யோசித்துக்கொண்டிருந்தேன். கைகழுவப் போனபோது குசினிக் கதவிடுக்கில் பாக்கியம் அக்கா தெரிந்தார். முழங்கைவரை இறப்பர் கையுறை. என்னைப் பார்த்து, “பாயாசம் நல்லாருக்கு மிஸ், குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

மறுநாள் ஞாயிறு. அன்றும் மண்டபத்தில் ஒரு கல்யாணம். காலையில் பீலிக் குழாயில் பிடித்த போத்தல்களையெல்லாம் பெண்கள் மண்டபத்துப் படிக்கட்டில், மணமகனின் கார் வந்து நிற்கும் இடத்தில், வரிசையாக வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாம் ஒரே பச்சை. கூச்சல் போடவில்லை. பாத்திரம் கழுவ உள்ளே போகவும் இல்லை. விருந்தினர்கள் தொலைபேசியில் படம் எடுத்தார்கள். முதலாளி ஓடிவந்தார். ரிஸ்னாவுக்கு அழைப்புப் போயிற்று, பொறியியலாளருக்கும் போயிற்று.

“ஆர் இதைப் போட்டது?” என்று பொறியியலாளர் கேட்டாராம்.

“எங்க தண்ணி சேர். நாங்கதான் போட்டோம்” என்றாராம் பாக்கியம் அக்கா. “ஆரு போட்டாங்கன்னு அப்பறமா விசாரிங்க. எப்புடி வந்திச்சின்னு இப்ப பாருங்க. அதுவரைக்கும் ஒரு கோப்பகூட கழுவமாட்டோம்.”

இடமாற்றுவதற்கு அவர்களில் ஒருவரும் உத்தியோகத்தர் இல்லை. சுற்றறிக்கை காட்டுவதற்கும் ஆள் இல்லை. உள்ளே கழுவாத பாத்திரம் மலைபோல் கிடந்தது, வெளியே மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். பொறியியலாளர் கண்ணாடியைக் கழற்றித் துணியைத் தேடினாராம்.

அதற்குள் ரிஸ்னா கடப்பாரையோடு ஆட்களைக் கூட்டி வந்து, மண்டபம் கட்டிய நாளிலிருந்து யாரும் தொடாத அந்தக் குழியின் மூடியைத் திறந்தாள்.